மறைப்பவரைத் திட்டும் முன் பீஸ் ரேட்டைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. திருப்பூர் பனியன் யூனிட்டில் சூப்பர்வைசராகி, "தரம்தான் முக்கியம், தப்பு தெரிந்தால் உடனே சொல்லுங்கள்" என்று தினமும் சொல்லியும், தையல் விட்டுப்போன பீஸ்களை டெய்லர்கள் மறைத்து அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குப் பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றும் சொல்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். வேலையை நிறுத்திவிட்டுச் சொல்பவருக்கு அன்றைய கூலி குறைகிறது, மறைப்பவருக்குக் குறைவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டொயோட்டா கார் ஆலைகளில் லைன் ஓரமாக ஒரு கயிறு கட்டி வைத்தார்கள். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். இழுத்தவரை யாரும் குற்றம் சொல்வதில்லை, இழுப்பதே அவர் கடமை. அமெரிக்காவின் அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்கு 1987-இல் தலைவரான பால் ஓ'நீல், தொழிலாளர் பாதுகாப்பே முதல் என்று அறிவித்தார். பாதுகாப்புக் குறையைச் சொல்லியும் மேலாளர்கள் கவனிக்காவிட்டால் கூப்பிடச் சொல்லித் தன் வீட்டு எண்ணையே தொழிலாளர்களிடம் கொடுத்தார்.

இரண்டு இடத்திலும் பேச்சோடு நிற்காமல், குறை சொல்ல வழி செய்து கொடுத்தார்கள். நீங்களும் முதலாளியிடம் பேசி, குறை சொல்ல நின்ற நேரத்துக்கும் கூலி வாங்கித் தாருங்கள். முதலில் ஒரே ஒரு லைனுக்குக் கேளுங்கள், ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அப்புறம், யாராவது கூப்பிட்டால் "யார் தைத்தது?" என்று கேட்காமல் ஊசியையும் நூலையும் பாருங்கள். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்திலும் இப்படியே இருங்கள், அந்த வாரம் எல்லோர் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். சரி, எந்த மெஷினில் குறை அதிகம் வருகிறது? எழுதுங்கள், பார்ப்போம்.