190 மி.மீ. இருந்தும் அடி தட்டுவது ஏன்?

கேள்வி: எங்கள் காம்பாக்ட் எஸ்யூவிக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 190 மி.மீ. நான் மட்டும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினால் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது. காரைத் தூக்க ஸ்பிரிங்கில் ஸ்பேசர் (உயரம் கூட்டும் துண்டு) வைக்கலாமா, பெரிய டயர் போடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் காலிக் காரின் கணக்கு. ஐந்து பேரும் டிக்கி நிறையப் பைகளும் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும். ஸ்கோடா குஷாக்கைப் பாருங்கள்: காலியாக 188 மி.மீ., சுமையோடு 155. முப்பத்து மூன்று போயே போய்விட்டது! உங்கள் காரும் பெரிதாக மாறுபடாது. (வரி போடுகிறவர்களும் காலிக் காரைத்தான் அளக்கிறார்கள். 2023-ல் ஜிஎஸ்டி கவுன்சில் எஸ்யூவிகளுக்கான கூடுதல் வரிக்கு 170 மி.மீ. வரம்பைப் பேசியபோது, சுமை ஏறாத நிலையில் என்று தெளிவுபடுத்தியது.)

சாலை அமைப்புக்கு அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அதில் எந்த எஸ்யூவியும் தட்டாது. தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்ட் கொட்டிக் கட்டும் மேடுதான் வில்லன். அகலம் குறைவு, உயரம் அதிகம். முன்சக்கரம் இறங்கியதும் மேடு நேராகக் காரின் வயிற்றுக்கு அடியில் வந்துவிடும். இறங்கிய வேகத்தில் காரும் ஒரு குனி குனியும்.

அதனால் முதலில் எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் காரை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்தால் புதுக் கீறல் வெள்ளியாக மின்னும், பழையது துருவேறி இருக்கும். பல கார்களில் கீறல் இருப்பது வெளியே வாங்கி இன்ஜினுக்கு அடியில் மாட்டிய இன்ஜின் கார்டு தகட்டின் போல்ட்டில்தான். காப்பாற்ற வந்ததே உயரத்தைத் தின்றுகொண்டிருக்கும்! அப்படியென்றால் அதைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டயர் கணக்குக்கு வருவோம். 215/60 ஆர்16 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம்) டயரை 215/65 ஆக்கினால் விட்டம் சுமார் 21 மி.மீ. கூடும். ஆனால் கார் உயர்வது அதில் பாதிதான். அந்த ஒரு சென்டிமீட்டருக்காக ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும், வளைவில் டயர் மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு. ஸ்பேசர் காரைத் தூக்கும், சரி. ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் மாறும், வாரண்டி கேட்டுப் போனால் அதையே காரணம் காட்டுவார்கள்.

செலவில்லாத வழிகள் உண்டு. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கென்று தனி காற்றழுத்தம் போட்டிருக்கும், ஊருக்குக் கிளம்பும் முன் அதன்படி காற்று அடியுங்கள். பிரேக்கை மேட்டுக்கு முன்பே பிடித்து, சக்கரம் ஏறும்போது விட்டுவிடுங்கள். பிடித்தபடியே ஏறினால் மூக்கு இன்னும் தாழும். எதிரே வண்டி இல்லையென்றால் சற்றுச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கலாம்.

அடுக்குமாடி பார்க்கிங் சரிவில் முன் பம்பர் உரசுவது வேறு கதை. அது பம்பர் சக்கரத்தைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று. முன்பு தட்டாமல் சமீபத்தில்தான் தட்டுகிறது என்றால், சமதரையில் நிறுத்தி நான்கு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து பாருங்கள். வலது, இடது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மெக்கானிக்கிடம் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கைக் காட்டிக் கேளுங்கள்.