கட்டாய மூன்றாம் நபர் வாகன இன்சூரன்ஸ், அடிபட்டவருக்கு உண்மையில் உதவுகிறதா?

உதவுகிறது. ஆனால் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, வட்டி கட்டிச் சலித்த பிறகுதான் வந்து உதவுகிறது. என் தாய்மாமாவின் வழக்குக்கு ஆறு வருடம் கூடவே அலைந்தவன் நான். அதை வைத்துச் சொல்கிறேன்.

மாமா கொத்தனார். 2017-ல் வேலை முடிந்து மொபெட்டில் வீட்டுக்கு வரும்போது பின்னால் வந்த சரக்கு வேன் இடித்து வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 38. வேனுக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்கு அன்று தெரியாது. நாட்டில் ஏறத்தாழப் பாதி வண்டிகள் இன்சூரன்ஸ் இல்லாமல்தான் ஓடுகின்றன. அப்படி ஒரு வண்டி இடித்தால் பணம் தர வேண்டியவர் வண்டியின் உரிமையாளர். அவரிடம் எதுவும் இல்லையென்றால், ஜெயித்த வழக்கும் வெறும் காகிதம்தான்.

சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவுதான் இந்த இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை உள்ள பைக்குக்கு 2022-ல் வைத்த கட்டணம் வருடம் 714 ரூபாய், வரி தனி. அந்தத் தொகைக்கு, நாம் இடித்து ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ கம்பெனி கொடுக்க வேண்டிய பணத்துக்கு உச்சவரம்பே கிடையாது. 2018-லிருந்து புது பைக்குக்கு 5 வருடம், காருக்கு 3 வருடம் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று வந்ததும் நல்ல மாற்றம். அது கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் கிடைத்தது. ஆனால் அந்த ஐந்து வருடம் முடிந்த பைக்கை எத்தனை பேர் புதுப்பிக்கிறார்கள்? எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் கிடையாது.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். டாக்டர் கொடுத்த ஊனச் சான்றில் 40 சதவீதம் என்று இருந்தது. இதைப் பணமாக்க நம் ஊர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று போடுவது. 3,000 ரூபாய் என்று வைத்தால் 1,20,000 ரூபாய், அவ்வளவுதான். இன்னொன்று, பிழைப்பே பாதிக்கப்பட்டது என்று நிரூபித்து வருமானத்தை வைத்துக் கணக்கிடுவது. சம்பளச் சீட்டு இல்லாததால் மாமாவுக்கு மாதம் 10,000 என்று எடுத்தார்கள். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 14,000. அதை 12-ஆல் பெருக்கி, 38 வயதுக்கு என்று கோர்ட் வகுத்து வைத்திருக்கும் பெருக்கல் எண்ணான 15-ஆல் பெருக்கி, அதில் ஊனத்துக்கான 40 சதவீதம் எடுத்தால் 10,08,000 ரூபாய். அதே கால், அதே சான்று. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம்.

குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல், "நடந்துதானே கோர்ட்டுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டார். மாமா, "நடந்துதான் ஐயா வந்தேன். சாரத்துல ஏறணுமே" என்றார். அவரை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரியும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, இவர் இனிமேல் மாடி வேலைக்கு ஆக மாட்டார் என்று சாட்சி சொன்னார். அதனால்தான் இரண்டாவது வழி கிடைத்தது.

ஆனால் தீர்ப்பு வந்தது 2023-ல். நடுவில் எத்தனை வாய்தா என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். மூன்றாவது வருடம், சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில், கம்பெனிக்காரர்கள் நாலு லட்சம் தருகிறோம் என்றார்கள். அத்தையின் தாலிக்கொடி ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்தது. மாமா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார், நான்தான் தடுத்தேன். தீர்ப்பில் கொடுத்த வட்டி வருடத்துக்கு 7.5 சதவீதம்; ஆபரேஷனுக்கு வாங்கிய கடனுக்கு நாங்கள் கட்டியது மாதம் ரெண்டு வட்டி, அதாவது வருடத்துக்கு 24. வந்த பணத்தில் பெரும்பங்கு அதற்கே போனது. இந்தத் திட்டம் தோற்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தொகை சரியாகத்தான் இருக்கிறது, வரும் நேரம்தான் தவறு.

அரசு பஸ் இடித்தால் இன்னொரு கதை. போக்குவரத்துக் கழகங்களுக்கு இந்த இன்சூரன்ஸிலிருந்து விலக்கு வாங்க வழி இருக்கிறது; அப்போது கழகமே தர வேண்டும். தராமல் இழுத்தடித்து, கடைசியில் கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தியை நாம் எத்தனை முறை படித்திருப்போம்!

2017-க்குப் பிறகு சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-ல் மத்திய அரசுத் திட்டமும் வந்தது: ஏழு நாள், 1.5 லட்சம் வரை. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் போலீஸ் தயாரிக்க வேண்டும் என்ற விதியும் 2022-லிருந்து இருக்கிறது. அந்த அறிக்கைக்கு ஸ்டேஷனில் விடாமல் கேளுங்கள்.

வழக்குப் போட இப்போது சட்டத்தில் இருப்பது ஆறு மாதக் கெடு. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி வைத்து நீங்களே ஓட்டி விழுந்தால், பின்னால் உட்கார்ந்து வந்த மனைவிக்கு அந்தப் பாலிசியில் பணம் கிடைக்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். அப்புறம், மெடிக்கல் ஷாப் பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். மாமாவின் பில்கள் கோர்ட்டில் ஆதாரமாகப் பதிவான அன்று பாதிக்கு மேல் எழுத்து அழிந்து வெள்ளைத் தாளாகத்தான் இருந்தன. அதற்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.