‘எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்’

கேள்வி: நான் திருச்சியில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கும் 19 வயது மாணவி. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2, தட்டணுக்கள் 4,90,000 என்று வந்தது. தட்டணுக்கள் கூடினால் ரத்தப் புற்றுநோய் என்று இணையத்தில் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, பச்சரிசியை மெல்லத் தோன்றுகிறது, மாதவிடாய்க்கு முன் வெள்ளைப்படுகிறது. முருங்கை இலைப் பொடி, பீட்ரூட் சாறு, மருந்துக்கடையில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் எடுத்துக்கொள்கிறேன். மாதவிடாய் மாதாமாதம் சரியாக வந்து ஒன்பது நாள் இருக்கும். வயிற்றுவலிக்கு அறைத்தோழி தரும் மாத்திரையும், தேர்வுக் காலத்தில் தள்ளிப்போடும் மாத்திரையும் போடுவேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்; அம்மாவுக்கு இதனாலேயே 34 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 12 வயதுதான் ஆகும் என் தங்கைக்கும் புற்றுநோய் வருமா?

பதில்: நீங்கள் இணைத்துள்ள அறிக்கையில் ரத்தப் புற்றுநோய்க்கான தடயம் எதுவும் இல்லை. வெள்ளணுக்கள் 7,400 என்று இயல்பாக இருக்கின்றன. சிவப்பணுக்களின் சராசரி அளவு 64 என்று மிகச் சிறுத்திருக்கிறது. அது இரும்புக் குறைபாட்டின் முத்திரை. இரும்பு குறையும்போது தட்டணுக்கள் சற்றுக் கூடுவது மருத்துவ மாணவர்களுக்கும் தெரிந்த செய்தி. இரும்பு நிரம்பியதும் அவை தாமாக இறங்கிவிடும். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையை ஒருமுறை செய்துகொண்டால் மிச்சமிருக்கும் பயமும் போய்விடும். ஓர் எண்ணை மட்டும் தேடுபொறியில் தட்டி, முதலில் வந்த பயங்கரத்தை எடுத்துக்கொண்டு படுக்கப்போனால் தூக்கம் எப்படி வரும்?

முடி, நகம், மூச்சு வாங்குதல், பச்சரிசி ஆசை ஆகிய நான்கும் அதே இரும்புக் குறையின் வேலைதான். அரிப்பும் நாற்றமும் இல்லாத வெள்ளைப்படுதல் இந்த வயதில் இயல்பு, அதை மறந்துவிடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. ‘எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்’ என்பதை நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தடயமாகத் தெரிகிறது. ஒன்பது நாள் உதிரப்போக்கு இயல்பானதன்று. தாய்க்கும் மகளுக்கும் ஒரே மாதிரி மிகுதியாகப் போகிறதென்றால், ரத்தம் உறைவதில் பரம்பரையாக வரும் ஒரு குறை குடும்பத்தில் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அவற்றில் அதிகம் காணப்படுவது வான் வில்லபிராண்ட் நோய். தட்டணுக்களைக் காயத்தின்மேல் ஒட்டவைக்கும் ஒரு புரதம் குறைவாகவோ பழுதாகவோ இருப்பதுதான் அது. தட்டணுக்களின் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். ஒட்டும் பசைதான் போதாது. அதனால்தான் முகாமில் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. ரத்தம் உறையாத இன்னொரு பரம்பரை நோயான ஹீமோஃபீலியா பெரும்பாலும் ஆண்களைத் தாக்குவது. இந்த நோய் ஆண், பெண் இருவருக்கும் வரும். பரவலாகக் காணப்படும் வகைகளில், தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு உண்டு.

பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் கருமுட்டை ஒழுங்காக வெளிவராததால் உதிரப்போக்கு தாறுமாறாக இருப்பதுண்டு. தைராய்டு குறைந்தாலும் மிகும். உங்களுக்கோ சுழற்சி மாதம் தவறாமல் வருகிறது, போக்கு மட்டும் அதிகம். இந்தப் பாங்குதான் உறைதல் குறையை நினைக்கவைக்கிறது. இனி வரும் மாதவிடாயில் கவனித்து எழுதிவையுங்கள்: நாப்கின் இரண்டு மணி நேரத்துக்குள் முழுதாக நனைகிறதா, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா, இரவில் எழுந்து மாற்றவேண்டியிருக்கிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா. இவற்றோடு, மூக்கில் ரத்தம் வந்தால் பத்து நிமிடத்துக்குமேல் நிற்காததும், பல் பிடுங்கிய இடத்தில் மறுநாளும் கசிந்ததும், இடிபடாமலே உடலில் நீலத் தடிப்புகள் தோன்றியதும் உங்களுக்கோ அம்மாவுக்கோ மாமாவுக்கோ உண்டா என்று வீட்டில் கேளுங்கள். ஆண்களையும் கேட்க மறக்காதீர்கள். மாதவிடாய் என்றாலே அவர்களை விட்டுவிடுவது நம் வழக்கம்.

எரிக் வான் வில்லபிராண்ட் என்ற ஃபின்லாந்து மருத்துவர் 1926இல் இந்த நோயை முதன்முதலில் விவரித்தது ஓலாந்துத் தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை வைத்துத்தான். ஐந்து வயதில் அவரிடம் அழைத்துவரப்பட்ட அக்குடும்பத்துச் சிறுமி, பூப்பெய்திய பின் நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இன்று மருந்து இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் உறைவைக் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், தேவையானால் ஹார்மோன் மாத்திரைகள், அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ முன் குறையும் புரதத்தை ஏற்றுவது என்று வழிகள் பல. திருமணத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் இது தடையன்று. பிரசவம் பார்ப்பவருக்கு முன்னதாகத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். உங்கள் அம்மாவுக்கு அன்று ரத்த உறைதல் பரிசோதனை ஏதும் செய்து பார்த்திருந்தார்களா என்பதைப் பழைய காகிதங்களில் தேடிப் பாருங்கள். 34 வயதில் கர்ப்பப்பையை எடுக்குமுன் அந்தக் கேள்வி பல வீடுகளில் கேட்கப்படாமலே போகிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அறைத்தோழி மருத்துவர் அல்லர். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை. உறைதல் குறை இல்லை என்று உறுதியாகும்வரை அவற்றைத் தொடாதீர்கள். வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் போதும். தேர்வுக்காகத் தள்ளிப்போடும் மாத்திரை ஹார்மோன் மருந்து. நிறுத்திய சில நாட்களில் உதிரப்போக்கு வந்தே தீரும். சீட்டில்லாமல் அதை நீட்டுகிற கடைக்காரரையும் வாங்குகிற மாணவியையும் ஒருசேரக் கண்டிக்கத்தான் தோன்றுகிறது.

முருங்கைக்கீரை நல்ல உணவு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்குமேல் ரத்தம் போவதைத்தான் மிகை உதிரப்போக்கு என்கிறோம். அந்த 80 மில்லியோடு ஏறக்குறைய 30 மில்லிகிராம் இரும்பும் போய்விடுகிறது. உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான், அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். பீட்ரூட்டின் நிறம் ரத்தத்தின் நிறமாக இருப்பது வெறும் தற்செயல். பள்ளியில் வாரம் ஒன்று கொடுத்த நீல மாத்திரைகூடத் தடுப்புக்கானதே, 8.2க்கு அது சிகிச்சையாகாது. மருத்துவர் தரும் அளவில் இரும்பு மாத்திரையை எடுத்து, ஹீமோகுளோபின் 12ஐ எட்டிய பிறகும் மூன்று மாதம் தொடரவேண்டும். மெஸ் காபியோடு விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சைச் சாற்றோடு எடுங்கள். மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடாதீர்கள்.

இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மகளிர் மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, உறைதல் நேரச் சோதனைகள், வான் வில்லபிராண்ட் புரதத்தின் அளவும் செயல்திறனும் ஆகியவற்றைக் கேளுங்கள். உறைதல் நேரம் இயல்பாக வந்தாலும் இந்த நோய் இல்லையென்று ஆகிவிடாது. புரதச் சோதனையையே ஒன்றுக்கு இருமுறை செய்யவேண்டி வரலாம். ஹார்மோன் மாத்திரைகள் அளவை மாற்றிக் காட்டக்கூடும் என்பதால் எடுத்தவை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே வசதியில்லையென்றால் ரத்தவியல் துறை உள்ள இடத்துக்கு, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பச் சொல்லலாம். இடையில் மணிக்கொரு நாப்கின் என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ வகுப்பையும் தேர்வையும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தங்கைக்குப் புற்றுநோய் வரும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் உங்கள் சோதனையில் குறை உறுதியானால், அவள் பூப்பெய்தும்வரை காத்திராமல் அவளையும் அதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.