பல்லாஸ்பத்திரி வாடையா, மர வாசமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரம். வேலை திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில். தினமும் பைக்கில்தான் போய்வருகிறேன். ஆன்லைனில் ‘ஸ்பைசி வுடி’ (மசாலா-மர வாசனை) என்று போட்டிருந்த ஆண்கள் சென்ட் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன், 100 மில்லி. ஏலக்காய், கிராம்பு, சந்தனம், 12 மணி நேரம் நிற்கும் என்று அட்டையில் இருக்கிறது. அடித்ததும் அருமையாக இருக்கிறது. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஒன்றுமே தெரியவில்லை. அம்மா வேறு, ‘ஏல, பல்லாஸ்பத்திரி வாடைல்லா அடிக்கு’ என்கிறாள். நான் ஏமாந்துவிட்டேனா? ஆயிரம் ரூபாய்க்குள் இந்த வகையில் நல்லதை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: தம்பி, முதலில் உங்கள் அம்மாவின் மூக்குக்கு ஒரு கும்பிடு. கிராம்புக்கு அந்த மணத்தைக் கொடுப்பது யூஜினால் என்கிற பொருள். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். பல் டாக்டர் சொத்தைப் பல்லில் தற்காலிகமாக அடைக்கிறாரே ஒரு வெள்ளைச் சாந்து, அது ஜிங்க் ஆக்சைடையும் யூஜினாலையும் சேர்த்துப் பிசைந்தது. சென்ட்டில் கிராம்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் மூக்கு நேரே பல் டாக்டரின் நாற்காலிக்குத்தான் போகும். அம்மா குறை சொல்லவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏமாந்தீர்களா என்றால், பாதி. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் அடுத்த பாட்டிலை நீங்களே எடை போட்டுவிடுவீர்கள்.

ஊதுபத்திக்கும் சோப்புக்கும் வாசனை கலக்கிற தொழிலில் மூக்கை வைத்துப் பிழைத்தவன் நான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒன்று தெரியும்: மசாலா மலிவு, மரம்தான் விலை. யூஜினாலும் பட்டை மணம் தருகிற சின்னமால்டிஹைடும் கொஞ்சம் காசுக்கு நிறையக் கிடைக்கும். சந்தனம் அப்படியில்லை. நல்ல சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சத்துக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 100 மில்லி பாட்டிலில் நூற்றுக்கு ஒரு பங்கு அசல் சந்தன எண்ணெய் விட்டால்கூட அதற்கே நூறு ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். பாட்டில், மூடி, அட்டை, ஆல்கஹால், வரி, ஆன்லைன்காரன் கமிஷன் எல்லாம் போக 650 ரூபாயில் அது நடக்காது. அட்டையில் ‘சந்தனம்’ என்று இருந்தால் ‘சந்தனம் மாதிரி’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

‘மாதிரி’ என்பதால் முகம் சுளிக்கவும் வேண்டாம். 1970களில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவான ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கைப் பொருள், சீவிய தேவதாரு மரம்போல மென்மையாக மணக்கும். 2006இல் எர்மெஸ் நிறுவனத்துக்காக ழான்-குளோத் எலேனா உருவாக்கிய ‘டெர் டெர்மெஸ்’, ஆரஞ்சும் மிளகும் வெட்டிவேரும் கலந்த பேர்போன ஆண்கள் சென்ட், விலை ஆயிரக்கணக்கில். அதிலும் பெரும்பங்கு இந்த ஐசோ ஈ சூப்பர்தான். ஆகவே செயற்கையா இயற்கையா என்று பார்ப்பதில் பிரயோஜனமில்லை. எந்தச் செயற்கை, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மலிவுச் சரக்கு சறுக்குகிற இடமும் அதுதான். ‘வுடி ஆம்பர்’ என்று தொழிலில் சொல்கிற ஒரு வகைச் செயற்கை வாசனை மருந்துகள் உண்டு. ஊசி முனையளவு போட்டால் நாள் முழுக்க நிற்கும், அதனால் தயாரிப்பாளருக்கு மிச்சம். அளவு கூடினால் புதுக் கதவுக்கு வார்னிஷ் அடித்த வீடுபோல வறண்டு மூக்கில் குத்தும். ‘12 மணி நேரம் நிற்கும்’ என்கிற வாக்குறுதி பல நேரம் பொய்யில்லை. ஏலக்காயும் கிராம்பும் போய்ச் சேர்ந்த பிறகு இந்த ஒற்றை மருந்து மட்டும் சட்டைக் காலரில் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மட்டும் கேட்டு வாங்குகிறவர்களிடம்தான் இது விற்பனையாகிறது.

எந்த சென்ட்டையும் முதல் பத்து நிமிஷத்தில் எடை போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அடித்தவுடன் வருகிற எலுமிச்சை, ஏலம், மிளகு எல்லாம் மேல் மணம். இருபது நிமிஷத்தில், நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதற்கும் முன்னால், பறந்துவிடும். பிறகு பட்டை, சாதிக்காய், கிராம்பு எல்லாம் சேர்ந்த நடு மணம். இரண்டு மணி நேரம் கழித்து மிஞ்சுகிற மரம், வெட்டிவேர், பச்சிலை (பச்சௌலி), இதுதான் அடி மணம், மீதி நாள் முழுக்க நீங்கள் கூட வைத்திருக்கப்போவது. மலிவுத் தயாரிப்பில் காசு எல்லாம் முதல் பத்து நிமிஷத்தில் கொட்டப்பட்டிருக்கும், ஏனென்றால் கடையில் நிற்கிறவன் அவ்வளவு நேரம்தான் முகர்வான்.

நானே இதில் அடிபட்டிருக்கிறேன். ஒரு மசாலா-மர வாசனையை ஏசி அறையில், காகிதப் பட்டையில் முகர்ந்து ‘பிரமாதம்’ என்று கையெழுத்துப் போட்டேன். சரக்கு வெளியே போனது மே மாதம். வெயிலில் வியர்வையோடு சேர்ந்தபோது அதில் இருந்த வெனிலா இனிப்பு திகட்டி, முகர்ந்தவர்களுக்குத் தலைவலி. வந்த வேகத்தில் சரக்கு திரும்பியது. அன்றிலிருந்து வெயிலில் நடந்துவிட்டு வந்து முகராத எதற்கும் நான் நல்ல வார்த்தை சொல்வதில்லை. திருநெல்வேலிக்காரர்கள் இந்த வகையில் வாங்கும்போது இனிப்பு குறைந்ததாக, வெட்டிவேர், தேவதாரு பக்கம் சாய்ந்ததாகப் பாருங்கள். ‘ஆம்பர்’, ‘வெனிலா’, ‘டோங்கா’ என்று இனிப்பு வாசங்கள் அட்டையில் முதலில் நின்றால் அதை ஆடி மாதச் சாரலுக்கு ஒத்திப் போடலாம்.

சரி, மூக்கை எப்படிப் பழக்குவது? காசு செலவில்லை. அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து கிராம்பு, பட்டை, மிளகு, ஏலக்காய், ஒரு துண்டு சாதிக்காய் எடுத்துத் தனித்தனியே நசுக்கி முகருங்கள். அம்பையிலிருந்து குற்றாலம் பக்கம்தானே, சீசனுக்குப் போகும்போது அங்கேயும் வாங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் சாதிக்காயும் கிராம்பும் நட்டுப் பார்த்த மண் அது. நாட்டு மருந்துக் கடையில் பத்து இருபது ரூபாய்க்கு வெட்டிவேர் வாங்கித் தண்ணீரில் நனைத்து முகருங்கள். உலகம் முழுக்க சென்ட் தயாரிப்பவர்கள் ‘வெட்டிவேர்’ என்று நம்ம சொல்லைத்தான் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கோயிலில் கொடுக்கிற சந்தனத்தை நம்ப வேண்டாம், அதில் பாதி வேறு ஏதோ. கல்லில் உரைத்த கட்டைச் சந்தனம் யார் வீட்டிலாவது இருந்தால் அதை முகருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால், சென்ட்டை முகரும்போது ‘இது மிளகு, இது பட்டை, இது எதுவுமே இல்லாத வார்னிஷ்’ என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

மிளகில் ஒரு விசித்திரம் உண்டு. மிளகின் அந்தக் காரமான வாசத்துக்கு முக்கியக் காரணம் ரோடண்டோன் என்ற பொருள் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெயரே கோரைக்கிழங்கின் தாவரப் பெயரிலிருந்து வந்தது. நீங்கள் தினமும் தாண்டிப் போகிற பத்தமடையில் பாய் நெய்கிறார்களே, அந்தக் கோரைக்குப் பங்காளிதான் இந்தக் கோரைக்கிழங்கு. இதில் நமக்கு வேண்டிய செய்தி: ஐந்து பேரில் ஒருவருக்கு இந்த வாசம் அவ்வளவாகத் தெரிவதே இல்லை. ஐசோ ஈ சூப்பரும் சிலருக்குப் பிடிபடாது. ஆகவே உங்களுக்கு ‘ஒன்றுமே இல்லை’ என்று தோன்றுவது பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியலாம்.

இனி உங்கள் பைக் விஷயம். அம்பையிலிருந்து வண்ணாரப்பேட்டை சுமார் 35 கிலோமீட்டர். கழுத்தில் அடித்துக்கொண்டு காற்றில் ஒரு மணி நேரம் வந்தால் எந்த சென்ட்டும் மேல் மணம், நடு மணம் இரண்டையும் கல்லிடைக்குறிச்சியிலேயே உதிர்த்துவிடும். அதோடு நம் மூக்கு சோம்பேறி, ஒரே வாசத்தைக் கால் மணி நேரம் முகர்ந்தால் அதைச் சொல்வதை நிறுத்திவிடும். ஆபீஸில் நம்பகமான ஒருத்தரிடம், ‘ஏதும் வாசம் தெரியுதா?’ என்று கேளுங்கள். கேட்காமல் நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு மறுபடி நாலு தடவை அடித்தால் பக்கத்து மேஜைக்காரர் பாவம். நான் சொல்வது: வீட்டில் அடிக்காதீர்கள். ஆபீஸ் போய் முகம் கழுவி, வியர்வையைத் துடைத்து, உலர்ந்த பிறகு பனியன் மார்புப் பக்கம் இரண்டும், முழங்கை மடிப்பில் ஒவ்வொன்றும் போதும். பருத்தித் துணி வாசத்தைத் தோலைவிட அதிக நேரம் பிடித்துவைக்கும். வெள்ளைச் சட்டையில் நேரே அடித்தால் சில சென்ட் மஞ்சள் கறை விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் சோதிப்பதும் இதேதான். டவுன் ரத வீதியிலோ பாளையங்கோட்டையிலோ டெஸ்டர் வைத்திருக்கிற கடைக்குக் காலையில் போங்கள். வேறு சென்ட், வாசனைப் பவுடர் இல்லாமல் போங்கள். ஒரு மணிக்கட்டுக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் வேண்டாம். தேய்க்கவும் வேண்டாம். காப்பிக்கொட்டை டப்பாவை நீட்டினால் சிரித்துக்கொண்டு மறுத்துவிடுங்கள், சோதித்துப் பார்த்ததில் அது வெறும் காற்றைவிட ஒன்றும் மேலாக இல்லை. உங்கள் சட்டைக் கையை முகர்ந்தாலே மூக்கு ஆறும். வாங்காமல் வெளியே வந்து வெயிலில் நடங்கள், சாப்பிடுங்கள், வேலையைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, நாலு மணி நேரத்தில் ஒரு தடவை. அப்போதும் மரம் மரமாக இருந்தால், ஓரமாக மசாலாவின் சாயல் கொஞ்சம் மிச்சமிருந்தால், அது நல்ல சரக்கு. கடைக்காரர் முகம் கோணுவார், கோணட்டும். ஆன்லைனில்தான் வாங்கவேண்டும் என்றால் முதலில் 8, 10 மில்லிச் சின்ன பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மில்லிக்கு விலை கூடத்தான், ஆனாலும் பிடிக்காத 100 மில்லி அதைவிட நஷ்டம்.

விலைக் கணக்கை மில்லியில் போடாதீர்கள். ஒரு அழுத்துக்குச் சுமார் 0.1 மில்லி வரும். நாளுக்கு நாலு அழுத்து என்றால் 100 மில்லி 250 நாள். உங்கள் 650 ரூபாய் பாட்டில் நாளுக்கு 2 ரூபாய் 60 காசு. மத்தியானம் இன்னொரு நாலு அடிக்க வேண்டியிருந்தால் 5 ரூபாய் 20 காசு. காலையில் அடித்ததே சாயங்காலம் வரை போதுகிற 1,100 ரூபாய் பாட்டில் 4 ரூபாய் 40 காசு. உங்கள் ஆயிரம் ரூபாய் வரம்பைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்கிறேன் என்று தெரிகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் என்ற பெயர்களில் மயங்க வேண்டாம். வழக்கத்தில் முதலாவதில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு 5 முதல் 15, இரண்டாவதில் 15 முதல் 20 என்பார்கள். எண்ணெய் கூடினால் நேரம் கூடலாம், தரம் கூடும் என்று யாரும் எழுதித் தரவில்லை. கேஸ் நிரப்பிய பாடி ஸ்ப்ரே வேறு சாதி, அதை இதோடு ஒப்பிடவே வேண்டாம். தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த மாதம் இவை ஒழுங்காக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று பெரிய பெயரை ஒட்டிவருவதைத் தொடாதீர்கள்.

ஆல்கஹால் பிடிக்காதென்றால் மேலப்பாளையம் பக்கம் அத்தர் கடையில் உட்கார்ந்து ஒரு துளி வாங்கித் தடவிப் பாருங்கள். வெட்டிவேர் அத்தர் நம்ம வெயிலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். மசாலா வேண்டுமென்றால் மட்டும் அங்கே கிடைப்பது சற்றுக் கனமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. யூஜினாலும் சின்னமால்டிஹைடும் சிலர் தோலுக்கு ஆகாது. முழங்கை உட்புறம் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சிவந்து அரித்தால் விட்டுவிடுங்கள். சவரம் செய்த உடனே கழுத்தில் அடிக்க வேண்டாம். பாட்டிலை பைக் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள், சூட்டில் வாசம் கெடும், தீப்பிடிக்கும் பொருளும்கூட. பீரோவுக்குள் இருக்கட்டும்.

அப்பா தலைமுறை சவரத்துக்குப் பிறகு பூசிய ஓல்ட் ஸ்பைஸ் நினைவிருக்கிறதா? 1938இல் அமெரிக்காவில் ஆண்களுக்காக வந்தது. அதிலும் கிராம்புச் சாயல் தூக்கல்தான். ஆனால் அதை யாரும் பல்லாஸ்பத்திரி என்று சொன்னதில்லை, சுற்றிலும் மற்ற வாசங்கள் அதைத் தாங்கிப் பிடித்திருந்ததால்.

இப்போது கையில் இருக்கிற பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய பருத்திச் சட்டையில் இரண்டு அழுத்து அடித்து, அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் கொல்லைக் கொடியில் நிழலாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா துணி எடுக்கப் போவார்கள். ‘என்னல இது வாடை’ என்றால் அந்த பாட்டிலைச் சாரலுக்குக்கூட வைக்க வேண்டாம், அறை வாசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘என்னல இது வாசம்’ என்று கேட்டால், ஆபீஸ் மேஜை டிராயரில் வையுங்கள்.