கால் கணுக்கால் ஃபெலோஷிப்புக்கு இங்கிலாந்து வரலாமா?

தம்பி, உங்கள் கேள்வி இது: எம்.எஸ். ஆர்த்தோ முடித்து அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறீர்கள். இங்கிலாந்தில் ஓராண்டு ஃபுட் அண்ட் ஆங்கிள் ஃபெலோஷிப், அதாவது கால் கணுக்கால் அறுவையில் மேற்பயிற்சி, கிடைக்கும்போல இருக்கிறது. கேஸ் கையில் கொடுப்பார்களா, ஓராண்டு போதுமா, மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டி வரலாமா, திரும்பிப் போனால் நம்மூரில் இது எடுபடுமா? லிவர்பூல் பக்கம் பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். தாராளமாக வாருங்கள். ஆனால் வருவது ஆபரேஷன் தியேட்டருக்காக என்று நினைத்து வராதீர்கள். இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் அவுட்பேஷண்ட் கிளினிக்கில்தான் இருக்கிறது.

முதலில் கேஸ் விஷயம். நம்மூர் டியூட்டி நாளில் நீங்கள் பார்க்கும் எலும்பு முறிவுகளின் எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்க முடியாது. நாள் முழுக்க ஓடும் ஒரு ஆபரேஷன் லிஸ்ட்டில் நாலு கேஸ் முடிந்தால் நல்ல நாள். கன்சல்டண்ட் என்ற மூத்த டாக்டருக்கு உங்கள் கைமேல் நம்பிக்கை வந்துவிட்டால், பெருவிரல் எலும்பை வெட்டி நிமிர்த்தும் ஸ்கார்ஃப், அக்கின் ஆஸ்டியாட்டமிகள், பெருவிரல் மூட்டை ஒட்டும் ஃப்யூஷன், கணுக்காலுக்குள் கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி, குதிகால் எலும்பை நகர்த்துவது எல்லாம் படிப்படியாகக் கைக்கு வரும். கணுக்கால் மூட்டு மாற்று அறுவையில் பெரும்பாலும் எதிரில் நின்று உதவுவீர்கள். அது சரிதான். அதைத் திரும்பத் திரும்பச் செய்பவர்கள் கையில்தான் அது இருக்க வேண்டும்.

இப்போது கிளினிக். எங்கள் கிளினிக்குகளில் அடிக்கடி நடப்பது இது. ஐம்பது வயதுப் பெண்மணி, பெருவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கிறது. எக்ஸ்ரேவில் கோணம் நன்றாகவே விலகியிருக்கிறது. நம்மூர்ப் பழக்கத்தில் எக்ஸ்ரேவைப் பார்த்ததும் கை அரிக்கும். கன்சல்டண்ட் படத்தைத் திறக்கவே இல்லை. காலணி, காலுறை இரண்டையும் கழற்றச் சொல்கிறார். முழங்கால் வரை தெரியும்படி எழுந்து நிற்கச் சொல்லி, தானும் எழுந்து அவருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்க்கிறார். குதிகால் உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா, பின்னாலிருந்து பார்த்தால் எத்தனை விரல் தெரிகிறது? ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்பச் சொல்கிறார். பிறகு படுக்க வைத்து, முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை பாதத்தை மேலே தள்ளிப் பார்க்கிறார். சில்வர்ஷோல்ட் டெஸ்ட், கெண்டைச் சதை இறுக்கமா, முழு அக்கிலீஸ் தசைநாருமா என்று அதில் தெரிந்துவிடும். பிறகு கழற்றிய காலணியைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, அடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். எல்லாம் முடிந்த பிறகு ஒரே கேள்வி: "இந்தக் காலால் உங்களால் செய்ய முடியாமல் போனது என்ன?" அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, வலி ஒன்றும் பெரிதில்லை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பின்னால் மோசமாகுமோ என்று பயம் என்கிறார். முன்பக்கம் அகலமான ஷூ, கெண்டைக்குப் பயிற்சி, வலி வந்தால் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அன்று மாலையே ஜி.பி. என்ற குடும்ப டாக்டருக்கு ஒரு கடிதம் போகும், அதன் நகல் அந்த அம்மாவுக்கும்.

இருபது நிமிடத்தில் நடந்தது எல்லாமே பாடம். இது தியேட்டரில் கிடைக்காது. வலியில்லாத காலை அழகுக்காக வெட்டி, வலியுள்ள காலாக மாற்றிவிட்டால் அதைச் சரிசெய்வது மிகக் கடினம். இந்தத் துறையில் எனக்கு வரும் கஷ்டமான கேஸ்கள் பலவும் யாரோ ஒருமுறை ஏற்கெனவே ஆபரேஷன் செய்த கால்கள்தான்.

இந்த நிதானத்துக்குப் பின்னால் ஆய்வுகள் இருக்கின்றன. குதிகால் எலும்பு மூட்டுக்குள் உடைந்து விலகியவர்கள் 151 பேரை, இங்கே 22 மருத்துவமனைகளில், ஆபரேஷன் ஒரு பக்கம், ஆபரேஷன் இல்லாமல் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார்கள். 2014-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. இரண்டு வருடம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சிக்கல்களும் மறு ஆபரேஷனும் மட்டும் ஆபரேஷன் பக்கம் 23 சதவீதம், மறுபக்கம் 4 சதவீதம். குதிகால் ஒரேயடியாக உருமாறிப்போன கேஸ்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதையும் நினைவில் வையுங்கள். பனை, தென்னையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்து வருகிறவர்களை வாராவாரம் பார்க்கும் உங்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், அறுபது தாண்டியவர்களின் நிலையில்லாத கணுக்கால் முறிவு. 620 பேரிடம் செய்த ஆய்வு, 2016-இல் ஜாமா இதழில் வந்தது. மயக்கம் கொடுத்து, பஞ்சு குறைவாக வைத்து, காலோடு ஒட்டி அச்சாகப் போடும் மாவுக்கட்டு, ஆறு மாதத்தில் பிளேட் போட்டதற்குச் சமமான பலனைக் கொடுத்தது. எலும்பு கோணலாகச் சேர்வது கட்டில் அதிகம்தான். ஆனால் அந்தக் கட்டை எப்படிப் போடுவது என்று தெரிந்த கை வேண்டும். அதைக் கற்றுக்கொண்டு ஊருக்குப் போங்கள். சர்க்கரையும் மெல்லிய தோலுமாக வரும் பாட்டிகளுக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம் அதுவாக இருக்கும்.

கணுக்கால் மூட்டுத் தேய்மானத்தில் மூட்டை இறுக்கி ஒட்டுவதா, மாற்றுவதா என்பதற்கும் இங்கே டார்வா என்ற ஆய்வு நடந்தது. 17 மருத்துவமனைகள், 303 பேர், முடிவு 2022-இல் வந்தது. ஓராண்டில் இரண்டுமே நன்றாக உதவின, ஒன்றை ஒன்று தெளிவாக மிஞ்சவில்லை. அதனால் நோயாளியிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிப் பேசுவது இங்கே மரியாதைக்காக மட்டும் அல்ல, சட்டமே அப்படித்தான். மான்ட்கோமரி வழக்கில் 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அந்த நோயாளி எந்த அபாயத்தை முக்கியமாக நினைப்பாரோ அதையும், வேறு வழிகளையும் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனே வேண்டாம் என்பதும் ஒரு வழி. 'சார் சொன்னா சரி' என்று கையெழுத்துப் போடும் நோயாளிகளோடு பழகிய நமக்கு இது முதலில் நேரம் தின்னும். போகப் போகப் பிடித்துவிடும்.

சர்க்கரை நோயாளிகளின் கால்தான் நீங்கள் அதிகம் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம். இங்கே சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2015 வழிகாட்டுதல்படி, புதிதாகப் புண்ணோ வீக்கமோ வந்த சர்க்கரைக் காலை ஒரே வேலை நாளுக்குள் கால் பராமரிப்புக் குழுவிடம் சேர்க்க வேண்டும். அந்தக் குழுவில் சர்க்கரை டாக்டர், ரத்தக்குழாய் சர்ஜன், ஆர்த்தோ, நுண்ணுயிர் டாக்டர், நர்ஸ், தாங்கு கருவியும் காலணியும் செய்துதரும் ஆர்த்தோட்டிஸ்ட், பொடியாட்ரிஸ்ட் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். பொடியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல, கால் பராமரிப்புக்கென்றே பட்டம் படித்தவர். புண்ணை அவரைப்போல் பார்க்கத் தெரிந்த சர்ஜனை நான் அதிகம் கண்டதில்லை. வெட்கப்படாமல் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். பிளேடை எப்படிப் படுக்கையாகப் பிடித்து ஆணித்தோலைச் சீவுகிறார், புண்ணின் அடியில் எலும்பு தட்டுகிறதா என்று மழுங்கிய முனையால் எப்படித் தொட்டுப் பார்க்கிறார் என்று பாருங்கள்.

அங்கே ஷார்கோ காலைப் பார்ப்பீர்கள், உணர்விழந்த பாதத்தில் எலும்பும் மூட்டும் சிதையும் நோய் அது. சர்க்கரைக்காரரின் பாதம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். வலி அவ்வளவாக இருக்காது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். நம்மூரில் செல்லுலைட்டிஸ், அதாவது தோலடித் தொற்று, என்று ஆன்டிபயாடிக் கொடுத்து, நடக்க விட்டு அனுப்பிவிடுகிறோம். சில மாதத்தில் பாதத்தின் வளைவு இடிந்து தரைதட்டிப் போய்விடும். இங்கே நர்ஸ் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் காட்டி எழுதிக்கொள்வார். ஒரு கால் மற்றதைவிட 2 டிகிரி சூடாக இருந்தால் ஷார்கோ என்றே சந்தேகப்பட வேண்டும். உடனே டோட்டல் கான்டாக்ட் காஸ்ட், பாதம் முழுக்க ஒட்டியபடி போடும் கட்டு. சூடு இறங்கி இரண்டு காலும் ஒன்றாகும்வரை, மாதக்கணக்கானாலும், கட்டு மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தெர்மாமீட்டருக்குப் பெரிய செலவு இல்லை. ஊரில் உங்கள் ஓ.பி.யில் முதல் நாளே வாங்கி வைக்கலாம்.

இதில் ஒன்றை மனதார நினைத்துக்கொள்வேன். உணர்விழந்த பாதத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று உலகம் கற்றதில் பெரும்பங்கு நம் வேலூரில் நடந்தது. 1946-இல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாமல் அதன்மேல் நடந்துகொண்டே இருப்பதால்தான் என்று கண்டு, தொங்கிப்போன பாதத்துக்குத் தசைநார் மாற்றம், புண்ணுக்கு மாவுக்கட்டு, பிறகு மெத்தென்ற செருப்பு என்று வழி காட்டினார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில்லுக்குப் போனபோது அந்த அறிவு அவரோடு போய், சர்க்கரைக் காலுக்கும் பயன்பட்டது. நம்மூரில் இன்றும் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்த மரபில் வந்ததுதான். நீங்கள் இங்கே கற்பதில் ஒரு பகுதி நம்மிடமிருந்து போனது. தயங்கி நிற்க வேண்டியதில்லை.

இனி எந்த வழியாக வருவது. ஃபெலோஷிப் என்ற பெயரில் இரண்டு விதமான வேலை இருக்கிறது. இங்கேயே பயிற்சி முடித்து எஃப்.ஆர்.சி.எஸ். என்ற கடைசித் தேர்வும் முடித்தவர்களுக்கான கடைசிக்கட்ட ஃபெலோஷிப் ஒன்று. சர்ஜன்களின் அமைப்பான ராயல் காலேஜ் மூலமாக வரும் எம்.டி.ஐ. (வெளிநாட்டு டாக்டர்கள் சிலகாலம் பயிற்சி பெற்றுத் திரும்பும் திட்டம்) இடங்களும், மருத்துவமனை தானே எடுக்கும் கிளினிக்கல் ஃபெலோ இடங்களும் இன்னொன்று. எம்.டி.ஐ. என்றால் அதிகபட்சம் 24 மாதம், இங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி.யின் பதிவுக்குக் காலேஜே ஸ்பான்சர் செய்யும், வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு எழுத வேண்டியதில்லை. ராயல் காலேஜின் எம்.ஆர்.சி.எஸ். தேர்வை முடித்திருந்தாலும் பிளாப் வேண்டாம். எப்படி வந்தாலும் பொதுவாக ஆங்கிலத் தேர்வு உண்டு: ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடமிக்கில் மொத்தம் 7.5, ஒவ்வொன்றிலும் 7-க்குக் குறையாமல்; அல்லது ஓ.ஈ.டி.யில் நான்கிலும் பி. திரும்பிப் போவது உறுதி என்றால் எம்.டி.ஐ. உங்களுக்குப் பொருத்தம்.

இடம் எது என்பதைவிட வார அட்டவணை முக்கியம். ரைட்டிங்டன், ஆஸ்வெஸ்ட்ரி, ஸ்டான்மோர், ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்ட் எல்லாம் பெயர்பெற்ற எலும்பு மருத்துவமனைகள். சர்க்கரைக் காலுக்கு லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை. பெயரைப் பார்த்து மயங்காமல், இவற்றைக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை கிளினிக், அதில் கன்சல்டண்ட் பக்கத்து அறையில் இருப்பாரா, சர்க்கரைக் கால் கூட்டத்துக்கு நான் வரலாமா, ஆன்-கால் ரோட்டாவில், அதாவது அவசர டியூட்டி முறையில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஆன்-காலில் வார்டு வேலையா தியேட்டரா. எனக்குத் தெரிந்த ஒருவர் ஃபெலோ என்று போய், ஆள் பற்றாக்குறையை அடைக்கவே வாரத்தின் பாதி போனது. அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அவருக்கு முன் அதே இடத்தில் இருந்த ஃபெலோவோடு ஒரு பத்து நிமிடம் போனில் பேசியிருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் பேசிவிடுங்கள், நம்பர் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போஃபாஸ் என்ற பிரிட்டிஷ் கால் கணுக்கால் சங்கம் ஜூனியர்களுக்கு அடிப்படை கோர்ஸ் நடத்துகிறது. வந்த மூன்று மாதத்துக்குள் ஒன்றுக்குப் போய்விடுங்கள். செய்த கேஸ் அனைத்தும் அன்றன்றே இ-லாக்புக் என்ற ஆன்லைன் கேஸ் பதிவேட்டில் ஏறட்டும்.

ஓராண்டு போதுமா? முன்பாதம், தட்டைப் பாதம், விளையாட்டுக் காயங்கள், சர்க்கரைக் காலின் அடிப்படை, இவற்றுக்கு ஓராண்டு சரியாகப் போதும். வளைந்த பாதத்தை நிமிர்த்தும் பெரிய வேலைகளுக்கும் ஷார்கோ மறுசீரமைப்புக்கும் இரண்டாம் ஆண்டு இருந்தால் நல்லது. கிடைத்தால் வேறொரு மருத்துவமனையில் செய்யுங்கள்.

குடும்பத்தைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். எம்.டி.ஐ. விசாவில் மனைவியும் மகளும் வரலாம், மனைவி வேலைக்கும் போகலாம். விசா கட்டணத்தோடு ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஹெல்த் சர்சார்ஜ் என்ற அரசு மருத்துவக் கட்டணமும் கட்ட வேண்டும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு வயது முடிந்து வரும் செப்டம்பரில் குழந்தைக்கு அரசுப் பள்ளியில் ரிசப்ஷன் என்ற முதல் வகுப்பு, கட்டணம் இல்லை. வீட்டு முகவரி கிடைத்த அன்றே கவுன்சிலில் (உள்ளாட்சி அலுவலகம்) விண்ணப்பியுங்கள். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான். வீட்டு அட்வான்ஸ் இங்கே சட்டப்படி ஐந்து வார வாடகைக்கு மேல் பொதுவாகப் போகாது. ஆனால் முதல் மாத வாடகையும் சேர்த்துக் கொடுக்கும் அளவுக்குக் கையில் பணம் வேண்டும். நம்மூர் லைசன்ஸில் 12 மாதம் ஓட்டலாம். நீங்கள் மட்டும் வாருங்கள், செட்டில் ஆனதும் அவர்கள் வரட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆன்-கால் முடித்து வெறும் வீட்டுக்குப் போவதைவிட மகள் ஓடி வரும் வீடு எவ்வளவோ மேல்.

திரும்பிப் போனால் எடுபடுமா என்று கேட்டீர்கள். கணுக்கால் மாற்று அறுவைக்கு நோயாளிகள் வர நாளாகும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் கால் கிளினிக், நன்றாகக் கட்டுப் போடத் தெரிந்த ஒரு டெக்னீஷியன், ஊரில் எம்.சி.ஆர். செருப்பு தைக்கும் ஒருவர், பக்கத்து சர்க்கரை டாக்டரோடு ஒரு பேச்சு, இவ்வளவு போதும் தொடங்க. மூன்று மாதத்தில் ஓ.பி. நிரம்பும். டெக்னீஷியனை இப்போதே பார்த்து வையுங்கள். நீங்கள் இங்கே கற்கும் கட்டுகளை வீடியோ காலில் அவருக்குக் காட்டிக்கொண்டே வரலாம்.

வேலைக் கடிதத்தோடு வார அட்டவணையும் அனுப்புவார்கள். வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். அதில் கிளினிக் எத்தனை, ரோட்டா எப்படி என்று பார்த்து, எதை மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம் என்று சொல்கிறேன்.