வன்பொருள் கடிகாரத்தைப் பதிவு செய்யும்போதே கெர்னல் கால்பேக்குகளைச் சரிபார்க்க வேண்டுமா?

நெட்வொர்க் கார்டில் உள்ள பிடிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைத் துல்லியமாக ஒத்திசைக்கும் நெறிமுறை) கடிகாரத்துக்கு நீங்கள் லினக்ஸ் டிரைவர் எழுதுகிறீர்கள். அந்தக் கடிகாரத்தை வெளியிலிருந்து மாற்ற முடியாது என்பதால், நேரத்தை அமைக்கும் கால்பேக்கை (தேவைப்படும்போது கெர்னல் அழைப்பதற்காக டிரைவர் தரும் செயற்கூறை) எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். கடிகாரத்தைக் கெர்னலிடம் அறிவிக்கும் பதிவு சிக்கலின்றி முடிந்தது; ஆனால் ஒரு பயனர் நிரல் நேரத்தை அமைக்க முயன்றதும் கெர்னல் விழுந்துவிட்டது. இந்தக் குறையைப் பதிவின்போதே பிடிக்க வேண்டுமா, ஒவ்வோர் அழைப்பின்போதும் சோதிக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

பதிவின்போதே பிடிக்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எல்லாக் கால்பேக்குகளுக்கும் அது பொருந்தாது.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். டிரைவர் தன் கால்பேக்குகளின் முகவரிகளை, அதாவது பாயிண்டர்களை, ஒரு ஸ்ட்ரக்சரில் வைத்துத் தருகிறது. சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்சரின் சில உறுப்புகளுக்கு மட்டும் பெயர் சொல்லி மதிப்புக் கொடுத்தால், மற்றவை தாமாகவே பூச்சியமாகிவிடும். விட்டுப்போன கால்பேக்கைப் பற்றிக் கம்பைலர் வாய் திறக்காது. பயனர் நிரல் கடிகாரத்தின் டிவைஸ் கோப்பை எழுதும் உரிமையுடன் திறந்து நேரத்தை அமைக்கக் கேட்டால், அந்தக் கோரிக்கை கெர்னலின் பாசிக்ஸ் கடிகார அடுக்கைக் கடந்து, எல்லா பிடிபி டிரைவர்களுக்கும் பொதுவான பிடிபி மையக் குறிமுறைக்கு வந்து, அங்கிருந்து உங்கள் ஸ்ட்ரக்சரில் உள்ள பாயிண்டருக்குத் தாவுகிறது. பாயிண்டர் பூச்சியம் என்பதால் ப்ராசஸர் பூச்சிய முகவரியில் கட்டளையைத் தேடுகிறது. அதுவே நீங்கள் கண்ட ஊப்ஸ், அதாவது கெர்னலுக்குள் நேர்ந்த கடும் பிழை. சேதம் அதோடு முடிவதில்லை. இந்த அழைப்பு நடக்கும்போது பாசிக்ஸ் அடுக்கு ஒரு செமஃபோரை (ஒரு வகைப் பூட்டை) வாசிப்புக்காகப் பிடித்து வைத்திருக்கும். அழைத்த ப்ராசஸ் நடுவழியில் கொல்லப்படுவதால் அதை விடுவிக்க யாரும் இல்லை. கடிகாரத்தின் பதிவை நீக்க அதே செமஃபோரை எழுத்துக்காகப் பிடித்தாக வேண்டும். ஆகவே அதற்குப் பிறகு டிரைவரை இறக்க முயன்றால் அந்த முயற்சி முடிவின்றிக் காத்து நிற்கும்.

ஒவ்வோர் அழைப்பிலும் சோதிப்பதற்கு எதிராக வேகத்தைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. ஒரு பாயிண்டர் ஒப்பீட்டின் செலவு இங்கே பொருட்டே இல்லை. உண்மையான காரணம், ஒரே கால்பேக்குக்கு வரும் வழிகள் பல என்பதுதான். நேரத்தைப் படிக்கும் கால்பேக்கைச் சாதாரண நேர அழைப்பு மூலமும் அடையலாம், கணினியின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஐஆக்டிஎல் (டிவைஸ் கோப்புக்கு அனுப்பும் தனிக் கட்டளை) மூலமும் அடையலாம். இந்த வழிகள் எல்லாவற்றிலும் சோதனையை எழுதி, நாளை புதிதாகச் சேரும் வழியிலும் எவரும் மறக்காமல் எழுதுவார் என்று நம்பியிருப்பதைவிட, எல்லா டிரைவர்களும் கட்டாயம் கடந்து வரும் பதிவுச் செயற்கூறில் ஒருமுறை எழுதிவிடுவது உறுதியானது. பிடிபி மையத்தில் அண்மையில் சேர்க்கப்பட்ட சோதனை இதைத்தான் செய்கிறது: நேரத்தைப் படிக்கும் இரு கால்பேக்குகளில் ஒன்றாவது இருக்க வேண்டும், நேரத்தை அமைக்கும் கால்பேக் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையெனில் ஓர் எச்சரிக்கையோடு, செல்லாத மதிப்பு என்ற 22ஆம் பிழையைத் திருப்பிவிடும்.

எதைக் கட்டாயமாக்குவது, எதை விருப்பத்துக்கு விடுவது என்பதுதான் கவனமாகச் சிந்திக்க வேண்டிய இடம். அந்தக் கால்பேக் இல்லாதபோது மையக் குறிமுறையிடம் நேர்மையான வேறு விடை இருக்கிறதா என்பதே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல். கணினி அணைந்திருக்கும்போதும் ஓடும் கடிகாரங்களைக் கவனிக்கும் ஆர்டிசி துணையமைப்பில் அலாரம் வைக்கும் கால்பேக் இல்லாவிட்டால் பதிவு தோற்பதில்லை. அலாரம் என்ற வசதி மட்டும் அந்தக் கடிகாரத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அது சரியான முடிவு, ஏனெனில் அலாரம் இல்லாத கடிகாரமும் கடிகாரம்தான். சிப்புகளை இயக்கும் துடிப்புச் சமிக்ஞைகளைக் கையாள 2012இல் லினக்ஸ் 3.4 உடன் வந்த பொதுக் கடிகாரக் கட்டமைப்போ கால்பேக்குகளுக்கு இடையிலான உறவைப் பார்க்கிறது. அதிர்வெண்ணை மாற்றும் கால்பேக் இருந்தால், தற்போதைய அதிர்வெண்ணைக் கணக்கிடும் கால்பேக்கும் எது இயலும் என்று தீர்மானிக்கும் கால்பேக்கும் உடன் இருந்தாக வேண்டும். மூலக் கடிகாரத்தை மாற்றும் கால்பேக் இருந்தால், இப்போதைய மூலம் எது என்று சொல்லும் கால்பேக்கும் வேண்டும். தனித்தனியே பார்த்தால் எதுவுமே கட்டாயமில்லை, ஒன்று இருந்தால் மற்றது வேண்டும் என்பதுதான் விதி. இப்படிச் சேர்த்துப் பார்ப்பதையே நான் மிகவும் மதிக்கிறேன். டிரைவர் எழுதுபவர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் பாதி எழுதி நிறுத்தியவை. முழுதும் மறந்தவை குறைவு.

எச்சரிக்கையாக ஸ்டாக் தடத்தை (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியலை) அச்சிடுவது மிகை என்று சிலர் கருதலாம். பயனர் நிரல் தன் விருப்பப்படி தூண்டக்கூடிய இடத்தில் அத்தகைய எச்சரிக்கையை வைப்பது தவறுதான், ஏனெனில் எச்சரிக்கை வந்தாலே நின்றுவிடும்படி அமைக்கப்பட்ட கணினிகள் உண்டு. பதிவு நடப்பதோ டிரைவர் ஏறும்போது. பெரும்பாலும் அதை எழுதியவரின் சோதனைக் கணினியிலேயே அது கண்ணில் பட்டுவிடும். தடத்தில் எந்த டிரைவர் அழைத்தது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. பாயிண்டர் இருக்கிறதா என்பதை அது பார்க்கும். அந்தக் கால்பேக் ஓடத் தயாராக இருக்கிறதா என்பதை அதனால் அறிய முடியாது. பதிவு முடிவதற்குள்ளேயே டிவைஸ் கோப்பு தோன்றிவிடுவதால், உங்கள் அடுத்த வரி ஓடுவதற்கு முன்பே எவரேனும் அதைத் திறந்து நேரம் கேட்கலாம். ஆகவே ரெஜிஸ்டர்களை மேப் செய்வது, பூட்டுகளைத் தொடக்குவது எல்லாம் பதிவுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். மேலும், பிடிபி மையம் உங்கள் ஸ்ட்ரக்சரை நகலெடுப்பதில்லை, அதன் முகவரியை மட்டுமே வைத்துக்கொள்கிறது. பதிவுக்குப் பின் ஒரு கால்பேக்கை நீங்கள் பூச்சியமாக்கினால், தேறிய சோதனை பயனற்றுப் போகும்.

உங்கள் டிரைவரில் செய்ய வேண்டியது சிறியது. நேரத்தை அமைக்கும் கால்பேக்கை எழுதி, அதில் இச்செயலுக்கு ஆதரவில்லை என்ற பிழையை மட்டும் திருப்புங்கள். பயனர் நிரலுக்குத் தெளிவான விடை கிடைத்துவிடும். பதிவுச் செயற்கூறு திருப்பும் மதிப்பையும் இருவிதமாகச் சோதியுங்கள்: பிழை இருந்தால் பிழை எண் பொதிந்த பாயிண்டர் வரும், கெர்னலில் பிடிபி ஆதரவே சேர்க்கப்படாதிருந்தால் வெற்றுப் பாயிண்டர் வரும். இரண்டில் எது வந்தாலும் கார்டை முழுவதுமாகக் கைவிட வேண்டாம். பாயிண்டரை வெற்றாக்கி வைத்து, பிழை என்றால் கெர்னல் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, கடிகாரம் இல்லாமலேயே பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்கலாம்.