ஓடிவந்து என்ன சொல்கிறான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காதல் நகைச்சுவைப் படத்துக்கு ஒரு திரைக்கதை எழுதி வைத்திருக்கிறேன், 112 பக்கம். கடைசியில் நாயகன் விமான நிலையத்துக்கு ஓடுகிறான். படித்தவர்கள் எல்லாரும் “பார்த்துச் சலித்த கிளைமாக்ஸ்” என்கிறார்கள். மாற்றிவிடவா? நாயகியைப் பின்தொடரும் காட்சிகளையும் எடுக்கச் சொல்கிறார்கள். நாயகனின் நண்பன் மட்டும் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பின்தொடரும் காட்சிகளை இன்றே வெட்டுங்கள். அதில் பேச ஒன்றுமில்லை. மீனம்பாக்கத்தில் வாசலிலேயே டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். உங்கள் ஆள் எப்படி உள்ளே போனான் என்று நீங்களே யோசித்திருக்கலாம். மற்றபடி ஓட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. 1989-இல் வந்த ‘வென் ஹாரி மெட் சாலி’யிலும் புத்தாண்டு இரவில் ஹாரி சாலியைத் தேடி ஓடித்தான் வருகிறான். வந்து நின்று, ஒரு சாண்ட்விச் ஆர்டர் செய்ய அவள் ஒன்றரை மணி நேரம் எடுப்பதையும், குளிரே இல்லாத நாளில் அவளுக்குக் குளிர்வதையும் சொல்கிறான். பல வருடம் பக்கத்தில் இருந்து கவனித்தவன் பேச்சு அது. உங்கள் நாயகனுக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்?

கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி வரி. நண்பனை எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். தம்பி, அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தின் சிரிப்பு மொத்தத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டு, காதலிக்கிற இரண்டு பேரையும் வெறுங்கையோடு நிறுத்தியிருக்கிறீர்கள். காமெடி டிராக்கைத் தனியாக எழுதி ஒட்டிய காலத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை. சேர்ந்து ஒருமுறைகூடச் சிரிக்காத இருவர் எதற்காகக் காதலிக்கிறார்கள்?

1934-இல் ஃப்ராங்க் காப்ரா எடுத்த ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’டைப் பாருங்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த நாயகியைத் தேடி அவள் அப்பா அனுப்பிய துப்பறிவாளர்கள், அவளும் நாயகனும் இருக்கும் அறைக்குள் வருகிறார்கள். அவன் சட்டென்று அவள் தலைமுடியைக் கலைத்துவிட்டு, கட்டிய மனைவியிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பிக்கிறான். அவள் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டு, பட்டிக்காட்டுக் குரலில் பதில் சொல்கிறாள். சண்டை முற்றுகிறது, அழுகை, கத்தல். வந்தவர்கள் போனதும் இருவரும் சிரிக்கிறார்கள். ஒத்திகை இல்லாமல் ஒரே விளையாட்டை ஆட முடிகிறது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. காதல் என்ற சொல்லே அங்கே தேவைப்படவில்லை.

இப்படி இருவரும் சேர்ந்து விளையாடுவது தெரிய, பேசுபவரோடு கேட்பவர் முகமும் திரையில் வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் கதை சொல்லும் காட்சியில் பாதிச் சிரிப்பு அதைக் கேட்கும் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. அதே கவனிப்பைக் காதலர்களுக்கு ஏன் கொடுப்பதில்லை? இருவருக்கும் ஒரே நாளில் கால்ஷீட் ஒத்துவராது; எதிரே உதவி இயக்குநர் வசனம் படிக்க, நாயகியைத் தனி க்ளோஸப்பில் எடுப்பார்கள். சிரிப்பு வருவதற்கு முந்தைய அரை நொடி அதில் செத்துப்போகும். எடிட்டிங்கில் அதை மீட்க முடியாது. முக்கியமான நாலு காட்சிகளையாவது இருவரும் ஒரே ஃப்ரேமில் தெரிகிற டூ ஷாட்டில், வெட்டாமல் ஓடுகிற மாதிரி எழுதுங்கள்.

இன்னொன்று, உங்களை மாதிரிப் பிள்ளைகள் எல்லாரும் செய்வது: இருவரும் பழகுகிற பகுதியை மாண்டேஜ் பாட்டில், அதாவது துண்டுக் காட்சிகளை ஒட்டிய பாட்டில், தள்ளிவிடுவது. பைக், காபி, மழை, நாலு நிமிடம். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நமக்குக் கேட்பதே இல்லை! படம் இருக்க வேண்டிய இடமே அது.

இப்படிச் செய்யுங்கள். நாயகியின் வசனங்களை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதுங்கள். நாயகனைப் பற்றிய கேள்விகளை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ஒரு பக்கம்கூட வராது என்றுதான் நினைக்கிறேன். பிறகு நண்பனின் நல்ல ஜோக்குகளில் மூன்றை எடுத்து அவளுக்குக் கொடுங்கள். அப்படியே பொருந்தாது, அவள் வேலைக்கும் குணத்துக்கும் ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். அந்த மாற்றத்தில்தான் அவள் யார் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஜோக்கில் ஒன்றை நாயகன் அரை மணி நேரம் கழித்து வேறொரு இடத்தில் திருப்பிச் சொல்லட்டும். மாண்டேஜைத் தூக்கிவிட்டு, அங்கே ஆறு பக்கம் இருவரையும் பேச விடுங்கள்.

எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன். அவன் எங்கே ஓட வேண்டும் என்று அப்புறம் பேசுவோம்.